எள்ளளவு வெள்ளித்தாள்

ஒரு ஜன்னலை அடைக்க ஒரு மனிதருக்கு மூன்று நாள் ஆகுமா? ஆனது. அதுவும் நிஜ ஜன்னல்கூட இல்லை, என் சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். மாடிவீட்டு பிட்டர் அதற்குப் பட்டி வைத்தார், காயவிட்டார், உப்புத்தாளால் தேய்த்தார், பூதக்கண்ணாடியில் பார்த்தார், மனசு ஒப்பாமல் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். மழைக்காலம் வேறு. பட்டியும் காயாது, பெயிண்டும் காயாது. கீழே என் தையல் கடையில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருப்பேன், தலைக்கு மேலே கர்க் கர்க்கென்று அவர் தேய்க்கிற சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். எனக்குப் பொறுமை கம்மி. ரெண்டு தடவை துணி அளக்கிற குச்சியால் கூரையை இடித்திருக்கிறேன்.

பிட்டர் என்பது அவர் பேர் இல்லை, தொழில். தெருக்கோடிக்கு அப்பால் இருக்கிற சின்ன விமான நிலையத்தில் முப்பத்தெட்டு வருஷம் எஞ்சின் பிரித்து மாட்டியவர். மனைவி போன பிறகு தனிக்கட்டை. நிலையத்தில் பயணிகள் கூடத்தைப் புதுசாக்குகிறார்களாம். அங்கே முதன்முதலில் ஓடிய பழைய தபால் விமானத்தின் மாதிரி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க ஆசைப்பட்டு இவரிடம் கேட்டிருந்தார்கள். கடையில் விற்கிற மாதிரிப் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்ததும் அவர்கள்தான். ஒட்டி, பெயிண்ட் அடித்துக் கொடுத்தால் முடிந்தது. வேறு யாராக இருந்தாலும் பத்து நாளில் கொடுத்திருப்பார்கள்.

இவர் கொடுக்கவில்லை. பெட்டியில் இருந்தது அந்த ரகத்து விமானம், ஆனால் அந்த விமானம் இல்லையாம். "நம்மளதுக்கு இடது பக்கம் மூணாவது ஜன்னல் கிடையாது டெய்லரம்மா. தபால் அலமாரி வைக்கறதுக்காக அடைச்சிட்டாங்க" என்பார். படிக்கட்டில் தள்ளுவண்டி இடித்து ஒரு நெளிசல் இருந்ததாம், அதற்காக நல்ல படிக்கட்டைச் சூடு காட்டி நெளித்தார். ஏரியல் கம்பி ஒரு சாண் பின்னால் இருந்ததாம், என்னிடம் மெல்லிய நைலான் நூல் வாங்கிப் போனார். மூக்கில் காற்று அளக்கிற குழாய்க்கு என் பத்தாம் நம்பர் ஊசி ஒன்று போயிற்று. நாற்பத்தெட்டு மடங்கு சின்னதாக்கின சாமானில் இதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள்?

பார்க்க ஒருத்தர் இருந்தார். கேப்டன்.

கேப்டன் பிட்டருடைய தங்கை புருஷன். அந்தத் தபால் விமானத்தை ஓட்டியவரே அவர்தான். முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தி ஒரு பனிக்காலையில் அதை ஓடுபாதை தாண்டிக் கொண்டுபோய்ச் சாக்கடைக் கால்வாயில் இறக்கினார். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, விமானம் மட்டும் குப்பைக்குப் போனது. லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதற்கப்புறம் இன்று வரைக்கும் ஒரு பழைய காரை வைத்து டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். நானே அவரிடம் கற்றவள்தான். வேகமுள்ளின் மேல் கைக்குட்டையைப் போட்டு மூடிவிட்டு, "முள்ளைப் பாக்காதீங்க, காதைத் தீட்டுங்க" என்பார். கேப்டன் என்று கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் கேலிக்காகத்தான் கூப்பிடுவார்கள். அவர் எல்லாருக்கும் ஒரே மாதிரி திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் மாடிக்கு வந்துவிடுவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு விமானத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"மச்சான், கதவுக் கைப்பிடி இன்னும் கொஞ்சம் கீழ இருக்கணும்."

"இல்ல மாப்ளை. நீங்க உயரம், குனிஞ்சு திறப்பீங்க. அதான் கீழ இருந்ததா நினைப்பு."

"நான் திறந்த கதவுங்க அது."

"நான் கழட்டி மாட்டின கதவு."

கடைசியில் பிட்டர்தான் தோற்பார். கைப்பிடி அரை மில்லிமீட்டர் இறங்கும். கேப்டன் சொல்லி அவர் எதையும் மாற்றாமல் விட்டதில்லை. மாப்பிள்ளை மேல் இத்தனை மரியாதையா என்று பார்க்கிறவர்கள் மெச்சுவார்கள். நான் மெச்ச மாட்டேன், ஏனென்றால் எனக்கு விஷயம் தெரியும்.

நாலு வருஷத்துக்கு முந்தி பிட்டருக்கு நெஞ்சுச்சளி கட்டி, பிழைக்க மாட்டார் என்ற நிலைமை. தங்கை மருந்து வாங்கப் போயிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போது சொன்னார்.

"முந்தின நாள் சாயங்காலம் முழுக்க மெழுகு போட்டுப் பாலிஷ் பண்ணினேன் டெய்லரம்மா. மூக்குக்கு ரெண்டு பக்கமும் ஒரு சின்னத் துளை இருக்கும். வெளிக்காத்து அதுவழியா உள்ள போனாத்தான் வேகமுள்ளும் உயரமுள்ளும் வேலை செய்யும். மெழுகு அடைச்சிக்கக் கூடாதுன்னு துளை மேல டேப் ஒட்டிட்டுத்தான் பாலிஷ் போடறது. சிவப்பு டேப்தான் ஒட்டணும். தூரத்துலயே கண்ணுல படணும்ல, அதுக்காக. அன்னைக்கு ஸ்டோர்ல சிவப்பு இல்ல. வெள்ளி டேப் இருந்துச்சு. நாமதானே ஒட்டறோம், நாமதானே எடுக்கப்போறோம்னு ஒட்டிட்டேன். வெள்ளி உடம்புல வெள்ளி டேப்பு."

மறுநாள் காலையில் அதை எடுக்கத்தான் போயிருக்கிறார். எதிரே மாப்பிள்ளை வந்து கட்டிப்பிடித்து, "மச்சான், நீங்க மாமா ஆகப்போறீங்க" என்றாராம். அந்தச் சந்தோஷத்தில் சக்கரத்தைப் பார்த்தார், எண்ணெயைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். மூக்குப் பக்கம் போகவில்லை.

"மேல ஏற ஏற அவருக்கு வேகமுள்ளு இறங்கியிருக்கு. விழப்போகுதுன்னு பயந்து திரும்பிட்டாரு. வேகம் பத்தலைன்னு நினைச்சு வேகமா இறக்கிட்டாரு. முதல் ஜீப்புல போனது நான்தான். எல்லாரும் அவரைத் தூக்கிட்டு ஓடினாங்க. நான் மூக்குப் பக்கம் போய் ரெண்டு டேப்பையும் பிச்செடுத்து பாக்கெட்ல போட்டுக்கிட்டேன்." கொஞ்ச நேரம் இருமினார். "மறந்தது என் கை. பிச்செடுத்தது நானு."

விசாரணையில் முள்ளையெல்லாம் கழற்றிச் சோதித்திருக்கிறார்கள். ஒரு குறையும் இல்லை. எப்படி இருக்கும்? விமானி சரியாகப் பார்க்கவில்லை என்று எழுதி மூடிவிட்டார்கள்.

"தங்கச்சிகிட்ட சொல்லிடட்டுமா?" என்று என்னைக் கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "செத்த பாம்பை எதுக்கு அடிக்கறீங்க. இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது? உறவுதான் அத்துப்போகும். படுத்துத் தூங்குங்க" என்றேன். அவர் தூங்கினார். பிழைத்தும் விட்டார். அவருக்காக மட்டும் அப்படிச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். அவர் தங்கை தினமும் மத்தியானம் என் கடைக்கு வந்து உட்கார்கிறவள். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அந்தக் குடும்பத்துக்குள் வெட்டுக்குத்து வந்தால் அவள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பாளா?

அவள் வந்து உட்கார்ந்து பேசுவதில் பாதி புருஷனைத் திட்டுவதுதான். பால் பொங்கி வழிந்தால், "ஏரோப்ளேனையே சாக்கடையில விட்டவரு, அடுப்புல இருக்கற பாலையா பாத்துக்குவாரு?" சாவியைத் தொலைத்தால், "கண்ணு முன்னாடி இருக்கற முள்ளே தெரியல, சாவி தெரியுமா?" நன்றாகத்தான் பேசுவாள், கடைக்கு வந்தவர்களெல்லாம் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். விஷயம் தெரிந்த பிறகும் நாலு வருஷம் சிரித்தேன்.

கண்ணாடிப் பெட்டி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது அவள் ஓர் அட்டையோடு கடைக்கு வந்தாள். விமானத்தின் பக்கத்தில் வைக்கப்போகும் விவர அட்டையின் நகல். மரியாதைக்குக் கேப்டனுக்கு அனுப்பியிருந்தார்கள். எத்தனை மூட்டை தபால் சுமந்தது, எத்தனை வருஷம் ஓடியது என்றெல்லாம் போட்டுவிட்டுக் கடைசியில் ஒரு வரி: 'விமானியின் தவறால் ஓடுபாதை தாண்டிச் சேதமடைந்தது.'

"இதைப் பாத்துட்டு உண்மைதானேங்கறாரு அந்த மனுஷன். பொண்ணு இதுக்குன்னே லீவு போட்டுட்டு வர்றா. அப்பா ஓட்டின ப்ளேனுன்னு பாக்க வர்றவ இந்த வரியைப் படிக்கணுமா? நான் வீட்டுக்குள்ள ஆயிரம் திட்டுவேன். ஊர்ல வர்றவன் போறவனெல்லாம் நின்னு படிக்கணும்னு என்ன இருக்கு?" என்றாள். கண் கலங்கியிருந்தது. "அண்ணனுக்கு அங்க எல்லாரும் தெரிஞ்சவங்க. அவரு ஒரு வார்த்தை சொன்னா எடுத்துடுவாங்கல்ல?"

இரண்டு பேரும் மாடிக்குப் போனோம். அவர் அப்போது வாலில் எண் எழுதிக்கொண்டிருந்தார். தங்கை அட்டையை மேஜையில் வைத்துச் சொல்லச் சொல்ல, பிரஷ் காய்ந்துபோகிற வரைக்கும் கையிலேயே பிடித்திருந்தார்.

"ரெண்டே வார்த்தைண்ணே. விமானியின் தவறால். அதை மட்டும் எடுக்கச் சொல்லு. என்ன காரணம்னு கேட்டா, உனக்குத் தெரியாதா, எதையாவது சொல்லு."

"எதையாவது சொல்ல முடியாதும்மா" என்றார்.

"அண்ணனா இருந்து இதுகூடச் செய்ய மாட்டியா?"

அவர் காய்ந்த பிரஷைக் கழுவ ஆரம்பித்தார். கோபித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அவள் தலை மறைந்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. "வாய்ல என்ன கொழுக்கட்டையா? முழுப் பூசணிக்காயை இன்னும் எத்தனை நாள் சோத்துல மறைப்பீங்க?" என்று கேட்டேன். நாலு வருஷத்துக்கு முந்தி மறைக்கச் சொன்ன அதே வாய்தான்.

"மாப்ளை மூஞ்சியைப் பாத்தா நாக்கு எழ மாட்டேங்குது டெய்லரம்மா. மூணு மாசமா தினமும் பக்கத்துல உக்கார்றாரு. இன்னைக்குச் சொல்லிடலாம்னு வாயைத் திறப்பேன். மச்சான் இந்தக் கைப்பிடிம்பாரு. அதைச் சரி பண்ணப் போயிடுவேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, ஒரு ஜன்னலுக்கு ஏன் மூன்று நாள் ஆயிற்று என்று. வேலை முடிந்தால் சொல்லியாக வேண்டும். அதனால் வேலையை முடிக்காமல் வைத்திருக்கிறார்.

இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் பழைய மாத்திரை அட்டை இருந்தால் கொடுங்கள் என்று வந்து நின்றார். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். அட்டையின் பின்பக்கத்து வெள்ளித்தாளைப் பிரித்து, நகத்தால் நீவி, பிளேடால் எள்ளளவுக்கு ரெண்டு சதுரம் வெட்டினார். மூக்கின் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. ஊசி முனையில் பசை தொட்டு ஒட்டினார். நாலு தடவை கீழே விழுந்தது.

"சொல்லத்தான் வரல. செஞ்சு காட்டிடறேன். அவரு கண்ணுக்குத் தப்பாது" என்றார்.

சாயங்காலம் தூறலில் நனைந்துகொண்டே கேப்டன் வந்தார். பின்னாலேயே அவர் மனைவியும் டீ பிளாஸ்கோடு வந்தாள். கோபம் தீரவில்லை, ஆனால் அண்ணனுக்கு டீ கொடுக்காமல் இருக்க அவளால் முடியாது. தைத்த சட்டையைக் கொடுக்கிற சாக்கில் நானும் வாசலில் நின்றேன். கேப்டன் விமானத்தை எடுத்தார். வால், ஜன்னல், படிக்கட்டு என்று வரிசையாகப் பார்த்து வந்தவர் மூக்கில் நின்றார்.

"மச்சான், இங்க துளை இருக்கணுமே. மறந்துட்டீங்களே." திருப்பிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் மறந்துட்டீங்க."

பிட்டர் விமானத்தை வாங்கக் கை நீட்டினார்.

கேப்டன் கொடுக்கவில்லை. "இருங்க, நானே போட்டுடறேன். இத்தனை வருஷத்துல இப்பத்தான் உங்ககிட்ட ஒரு தப்பு கண்டுபிடிச்சிருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே மேஜையிலிருந்த ஊசியை எடுத்து, வெள்ளித்தாளின் நடுவில் வைத்து மெதுவாகக் குத்தினார். ஒரு பக்கம் ஆயிற்று. மறுபக்கம் திருப்பும்போது பிட்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மறக்கல மாப்ளை. அன்னைக்கு அப்படித்தான் இருந்துச்சு. நான்தான் டேப் ஒட்டினேன். எடுக்கல. நீங்க விழுந்தப்புறம் எடுத்தேன்."

தங்கை டீ ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள். கேப்டன் ஊசியைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

"அப்ப உயரமுள்ளு அசையவே இல்லைன்னு நான் சொன்னது?"

"சரிதான்."

"ஏற ஏற வேகம் இறங்கிச்சுன்னு சொன்னது?"

"சரிதான் மாப்ளை. நீங்க சொன்னது எல்லாமே சரி."

கேப்டன் ஸ்டூலில் உட்கார்ந்தார். "படுத்தா அந்த முள்ளுதான் வரும் மச்சான். முதல்ல நாப்பதுலயே நிக்கும். அப்புறம் அப்புறம் எழுபதா தெரிய ஆரம்பிச்சுது. நூறா தெரிஞ்சுது. கடைசியில நான் முள்ளையே பாக்கலைன்னு முடிவு பண்ணிட்டேன்" என்றார். "நாப்பதுதான். நான் பாத்தது நாப்பதுதான்."

அவர் அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. பிட்டர்தான் அழுதார். அவர் தோளைத் தட்டப் போவது போலக் கேப்டனின் கை எழுந்தது, பாதியில் இறங்கியது. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

தங்கை அண்ணன் முன்னால் வந்து நின்றாள். "பிச்செடுத்து என்ன பண்ணின?"

"வீட்டுக்கு வந்து அடுப்புல போட்டேன்."

"சேதி கேட்டு நான் அன்னைக்கு உன் வீட்டுக்குத்தான ஓடி வந்தேன். வயித்துல பிள்ளையோட. அந்த அடுப்புலதான எனக்குக் கஞ்சி வெச்சுக் குடுத்த?"

"ஆமாம்மா."

"உன் பொழைப்பு போயிடும்னு பயந்தியா?"

"பொழைப்பு இல்லம்மா. நீ என்னை அண்ணன்னு கூப்பிட மாட்டியேன்னு."

"முப்பத்தோரு வருஷம்." அவள் குரல் உயரவே இல்லை. "பாலு பொங்கினா திட்டினேன். சாவி தொலைஞ்சா திட்டினேன். பொண்ணு முன்னாடி திட்டினேன், ஊரே சிரிக்கத் திட்டினேன். ஒருநாள் திருப்பி ஒரு வார்த்தை சொன்னதில்ல அந்த மனுஷன். நான் அவரைத் திட்டினதையெல்லாம் யாருகிட்ட போய்த் திருப்பி வாங்குவேன்? நீ சொல்லு."

அவள் பிளாஸ்கை எடுத்துக்கொண்டாள். ஊற்றின டீயை ஜன்னல் வழியாகக் கொட்டிவிட்டுக் கோப்பையையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் காலை பிட்டர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். நடந்ததை நாலு பக்கத்துக்கு எழுதி, கையெழுத்துப் போட்டு, தன் பழைய வேலை நம்பரையும் போட்டு நிலைய அதிகாரியிடம் கொடுத்தார். அதிகாரி சின்ன வயசுக்காரராம், அந்த விபத்து நடந்தபோது பிறக்கவேயில்லையாம். இவரைப் பார்த்துச் சங்கடப்பட்டு, "இத்தனையும் எதுக்குங்கய்யா, ரெண்டு வார்த்தையை எடுத்துடறோம்" என்றிருக்கிறார். இவர் விடவில்லை. கடைசியில் 'பராமரிப்பில் நேர்ந்த தவறால்' என்று மாற்றினார்கள். தன் பேரைப் போடச் சொன்னார், அதைப் போட மறுத்துவிட்டார்கள். ஒரு பக்கம் குத்திய துளையும் மறுபக்கம் குத்தாத வெள்ளித்தாளுமாகவே விமானத்தைக் கொடுத்துவிட்டு வந்தார்.

திறப்புக்கு அவர் போகவில்லை. கேப்டனும் மனைவியும் மகளும் போனார்கள். நான் கூட்டத்தில் பின்னால் நின்றேன். மகள் அட்டையைப் படித்துவிட்டு அப்பாவின் கையைக் கோத்துக்கொண்டாள். அவர் அவளுக்குக் கதவுக் கைப்பிடியைக் காட்டி என்னவோ சொன்னார். அதன்பிறகு அவர் மாடிக்கு வரவில்லை. எதிரே பார்த்தால் பிட்டருக்குத் தலையசைக்கிறார், அவ்வளவுதான். தங்கை அதுவும் இல்லை. மாடியில் இப்போது தேய்க்கிற சத்தம் கிடையாது. கூரையை இடிக்க எனக்கு வேலையில்லை.

மகள் ஊருக்குக் கிளம்பிப் போன மறுநாள் மத்தியானம் பிட்டரின் தங்கை என் கடைக்கு வந்தாள். பத்து நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் வருகிறாள். புருஷனுடைய பேன்ட் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள், இடுப்பைப் பிடிக்க வேண்டுமாம், இளைத்துவிட்டாராம். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். பழைய பேச்சு இல்லை. நான் அளவு குறித்துக்கொண்டேன், தையல் பிரித்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் சீக்காக் கிடந்தப்ப நீதான கூட இருந்த?"

"ஆமாக்கா."

"அன்னைக்கு மாடியில எல்லாரும் அதிர்ந்து போனோம். நீ வாசல்ல சும்மா நின்ன. எனக்கு அது உறுத்திக்கிட்டே இருக்கு." நூலைப் பொறுக்குவது போல மடியைத் தடவினாள். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

மெஷினை நிறுத்தினேன். பிட்டரை நான் எப்படியெல்லாம் ஏசியிருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்ல முடியாதா, நாக்கு எழாதா, இவரெல்லாம் ஒரு மனுஷனா என்று. இப்போது எனக்கும் ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டியிருந்தது. தெரியும். நாலு வருஷமாகத் தெரியும். சொல்ல வேண்டாம் என்றதும் நான்தான். நீ அவரைத் திட்டும்போது தெரிந்தேதான் சிரித்தேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள். இதைச் சொன்னால் பேன்ட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போவாள், அப்புறம் என் கடைக்கு யாரும் வரப்போவதில்லை.

"தெரியாதுக்கா" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "அதானே. தெரிஞ்சிருந்தா நீயாவது எங்கிட்ட சொல்லியிருக்க மாட்டியா" என்று என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.